இடது கால் கட்டைவிரல்

நைஜல் சிலுவையில் தொங்கும்போது அவர் முகத்தை நான் ஒரு வருஷம்கூடப் பார்த்ததில்லை. ஊரே பார்த்துக் கண்ணைத் துடைக்கும். கட்டிய மனைவி நான் மட்டும் சிலுவையடியில் பிளைவுட் பாறைக்குள் குந்திக்கொண்டு, இடுக்கு வழியாக அவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பத்து காஜா டவுனுக்கு வெளியே, ரப்பர் பால் தந்த கித்தா மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டுவிட்ட தோட்டத்தில் எங்கள் சிற்றாலயம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தவக்காலத்தில் அதன் திடலில் மேடை கட்டி, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போடுவோம். கோப்பெங், பீடோர் பக்கமிருந்தெல்லாம் பஸ் பிடித்து வருவார்கள். இயேசு வேஷம் என்றால் நைஜல்தான், எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே. ஒப்பனையும் ரத்தமும் என் பொறுப்பு. பாறைக்குள்ளிருந்து டார்ச் அடித்துத் திரையை இறக்கச் சொல்வதும் என் வேலைதான். திரைக்கயிற்றைப் பிடித்திருக்கும் லூர்துசாமி அண்ணனுக்கு அங்கிருந்து மேடை தெரியாது. நாடகத்தை இயக்குபவரும் அவரே.

நைஜலுக்கு வருஷக்கணக்காகச் சர்க்கரை வியாதி. போன மாதம் வேலையிடத்தில் மயங்கி விழுந்துவிட்டார். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டதாம். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், பாதங்களைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கிளினிக்கில் படித்துப் படித்துச் சொன்னார்கள். இவரோ நாடகத்தன்று பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடமாட்டார்.

"இயேசு நாசி லெமாக் சாப்பிட்டுட்டா சிலுவை சுமந்தாரு?" என்பார். பிடிவாதத்துக்கு என்று ஒரு போட்டி வைத்தால் கோப்பையோடு வீடு வந்து சேரும் மனுஷன்.

"லூர்துசாமி அண்ணன்கிட்ட சொல்லிடறேன்ங்க."

"சொன்னா வேஷத்தைத் தூக்கி ஜெயபாலன்கிட்ட குடுத்துருவாரு. வாயத் திறந்தே, அப்புறம் நான் பொல்லாதவன் ஆயிருவேன், பமேலா."

பெரிய மிரட்டல்! ஆனால் அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துவிட்டேன், அண்ணனிடம் சொல்லும் எண்ணத்தை விட்டுவிட்டேன். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு இறங்கி வந்தார். கடைசி வசனம் சொல்லித் தலை சாய்ந்ததும் இடது கால் கட்டைவிரலை ஆட்டவேண்டும். ஆடினால் நினைவோடு இருக்கிறார். ஆடாவிட்டால் நான் டார்ச் அடித்துவிடுவேன். செத்த மாதிரி நடிப்பவருக்கும் நிஜமாகவே மயங்கியவருக்கும் வேறு எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது? மயங்கிப்போய், சிலுவையோடு சேர்த்துக் கட்டும் அந்த நெஞ்சுவாரில் தொங்கினால் மூச்சு நின்றுவிடும்.

அன்று சாயங்காலம் ரோஸ் சிராப்பில் சோளமாவும் சிவப்புச் சாயமும் குழைத்து அவர் கைகளிலும் கால்களிலும் பூசினேன்.

"வாய்க்குத்தான் சிராப் ஆகாது. காலாவது குடிக்கட்டும்," என்றேன்.

சிரித்தார். நான் கேட்பதற்கு முன்பே, "நல்லாத்தான் இருக்கேன்லா, ஆளை விடு," என்றார்.

சிலுவை சுமந்து வெறுங்காலோடு திடலைச் சுற்றி வந்தபோது நான் பாறைக்குள் போய்விட்டிருந்தேன். சவுக்குச் சத்தமும் ஜனங்களின் அழுகையும்தான் கேட்டன. ஒவ்வொரு முறை அவர் விழும்போதும் எழுந்துவிட்டாரா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எழுந்தார், வந்தார், ஏற்றிக் கட்டினார்கள். இரண்டு பாதங்களும் என் மூக்குக்கு நேரே வந்து நின்றன.

முதலில் வந்தவை எறும்புகள். சிராப் வாசனைக்கு எங்கிருந்துதான் வந்தனவோ, செவ்வெறும்புகள் சாரிசாரியாக மரத்தில் ஏறி அவர் பாதத்தில் மொய்த்தன. வீட்டில் கையில் ஓர் எறும்பு ஊர்ந்தாலே எகிறிக் குதிப்பவர், இப்போது அசையவே இல்லை. மேலே கணீரென்று வசனம் பேசிக்கொண்டிருந்தார். என்ன ஒரு பக்தி, என்ன ஒரு நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேனே தவிர, டார்ச் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

கடைசி வசனம் வந்தது. திடலே அடங்கிப்போனது. நான் கட்டைவிரலையே பார்த்தேன்.

அது ஆடவில்லை.

மாதாவாக நடிக்கும் பெட்ரீசியா அக்கா ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார். அந்தப் பாட்டுக்காகவே வருகிற கூட்டம் அது. ஒருவேளை மறந்துவிட்டாரோ? பாட்டில் லயித்துவிட்டாரோ? இப்போது நிறுத்தினால் என்னை உயிரோடு விடமாட்டார்கள். நிறுத்தாவிட்டால்? "ஏங்க, ஆட்டுங்க," என்று கிசுகிசுத்தேன். "ஆண்டவரே, ஆட்டச் சொல்லும்." எறும்புகள்தான் அசைந்தன. பாட்டாவது மண்ணாவது! டார்ச்சை அடித்துவிட்டேன்.

பாதிப் பாட்டில் திரை விழுந்தது. நான் பாறையைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்து, "இறக்குங்க, அவரை இறக்குங்க!" என்று கத்தினேன். ஜெயபாலனும் இன்னொருவரும் ஓடிவந்து வாரை அவிழ்த்துப் பலகையில் உட்காரவைத்தார்கள். நைஜல் கண்ணைத் திறந்தார். முகத்தில் அப்படியொரு கோபம்.

"உனக்குப் பைத்தியமா? ஏன் நிறுத்துன?"

உயிரோடு இருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"நீங்க ஏன் விரலை ஆட்டல?"

"ஆட்டுனேன்லா! அக்கா பாட ஆரம்பிச்சதுலேர்ந்து ஆட்டிக்கிட்டேதான் இருந்தேன்."

"பொய் சொல்லாதீங்க."

"சிலுவையில தொங்கிக்கிட்டு எவனாச்சும் பொய் சொல்வானா?"

"என் பாட்டு போச்சே, பாவி!" என்று பெட்ரீசியா அக்கா தலையிலடித்துக்கொண்டார். வெளியே ஜனங்கள் சலசலத்தார்கள். லூர்துசாமி அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டியபடி என்னை நோக்கி வந்தார். வாங்கவேண்டிய வசவை எல்லாம் வாங்கிக்கொள்ளலாம், முதலில் அந்த எறும்புகளைத் தட்டிவிடுவோம் என்று ஈரத்துணியோடு நைஜல் காலடியில் உட்கார்ந்தேன். பாதம் முழுக்கத் தடித்துப் போயிருந்தது. சிராப்பைத் துடைத்தேன். வலது கால் சுத்தமாகிவிட்டது. இடது கால் துடைக்கத் துடைக்கச் சிவந்துகொண்டே இருந்தது.

பாதத்தைத் தூக்கித் திருப்பினேன். குதிகாலில் ஓர் ஆணி, மேடை கட்டியபோது திடலில் சிந்தியதாக இருக்கவேண்டும், தலை மட்டும் தெரியும்படி உள்ளே இறங்கியிருந்தது. அதன்மேல்தான் அவ்வளவு தூரம் சிலுவையோடு நடந்திருக்கிறார்.

லூர்துசாமி அண்ணன் திட்ட வாயெடுத்தவர் அதைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"ஏங்க," என்றேன். "வலிக்குதா?"

நைஜல் இன்னும் கோபம் தீராமல் என்னைப் பார்த்தார்.

"எது?" என்றார்.