மாதா வென்ற சைக்கிள் பந்தயம்

சீமையில், ஈஸ்ட் ஹாமில் றோஸ்மலரின் முன்னறைக்குள்ளால் தினமும் பின்னேரம் ஏழு மணிக்குச் சைக்கிள் பந்தயம் போகும். விக்டோரியா மகாராணி காலத்தில் அந்தத் தெரு ஒரு பந்தய மைதானமாக இருந்தது. பிறகு அதை அழித்து வரிசையாக வீடு கட்டினார்கள். ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. ஆளுயர முன்சில்லும் சாப்பாட்டுக் கோப்பையளவு பின்சில்லுமாக, மீசைக்காரத் துரைமார் பக்கத்துவீட்டுச் சுவரால் வந்து, டிவிக்கு முன்னால் வளைந்து, சமைக்கிற குசினிச் சுவரால் போவார்கள். றோஸ்மலரும் புருசன் பஸ்தியாம்பிள்ளையும் சோபாவை ஓரமாகத் தள்ளிப் போட்டுவிட்டுச் சீவித்தார்கள்.

அவளுக்கு இருந்த ஒரே குறை மாதா. ஒக்டோபரில் பங்குச் சனம் மாதா சுருவத்தை வீடுவீடாகக் கொண்டுபோய், ஏழு மணிக்குச் செபமாலை சொல்லும். றோஸ்மலரின் வீட்டை மட்டும் வருசாவருசம் தாண்டிப் போனார்கள்.

"சில்லுப் பட்டு உடைஞ்சால் ஆர் பதில் சொல்லுறது, பிள்ளை?" என்பார் செபக்கூட்டம் நடத்தும் ஞானரட்ணம்.

இந்தமுறை அவள் கோயில் வாசலிலேயே அவரை மறித்தாள். "விஸ்கி குடிக்கிற வீட்டுக்கெல்லாம் மாதா போறா. என்ர வீட்டுக்கு மட்டும் வரமாட்டாவோ, அண்ணை?"

தன் வீட்டைத்தான் சொல்கிறாள் என்று விளங்கிய ஞானரட்ணம் உடனே நாள் குறித்துக் கொடுத்தார்.

அன்றைக்குச் செபமாலையைக் கொஞ்சம் முந்தித் தொடங்கியதால், மூன்றாம் தேவ இரகசியத்தில் சில்லுச் சத்தம் கேட்டது. சனம் சுவரோடு ஒட்டியது. சில சுற்று முடிந்ததும், கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தது. பூசையில் போல மணி கேட்டால் முழங்காலில் நிற்பது யாழ்ப்பாணத்து, மன்னார் வேதக்காரருக்கு ஞானஸ்நானத்தோடு வந்த பழக்கம். அத்தனை பேரும் சுவரை விட்டு வந்து ஓடுபாதை நடுவில் முழங்காலிட்டுத் தலைகுனிந்தார்கள். அந்தச் சைக்கிள்களுக்குப் பிரேக் கிடையாது. பயப்படாதேங்கோ பிள்ளையள், ஒருவருக்கும் அடிபடவில்லை. துரைமார்தான் விலத்தப்போய் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். ஒருவர் பறந்துபோய் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் இறங்கினார்.

"தொப்பியோடயோ செபம்?" என்று ஞானரட்ணம் அதட்ட, அவர் கழற்றிவிட்டார். நாலாம் தேவ இரகசியம் தொடங்கியது.

தேத்தண்ணியும் ரோல்ஸும் பரிமாறும்போது, ஆர் வென்றது என்று துரைமாருக்குள் சண்டை வந்தது.

"ஏன் சண்டை பிடிக்கிறியள்?" என்றார் பஸ்தியாம்பிள்ளை. "உங்கள் எல்லாருக்கும் முன்னுக்கு நிண்டது மாதா."

அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உண்மைதான். கைகொடுத்துச் சமாதானமாகி, வென்றவருக்கான ஒக்டோபர் மாதப் பதக்கத்தை மாதாவின் கழுத்தில் போட்டார்கள். அதை வென்றவர்தான் அடுத்த வருசம் ஒக்டோபரின் முதல் பந்தயத்தைத் தொடக்கிவைக்க வேண்டுமென்பது அந்த மைதானத்துச் சட்டம். ஆகவே இப்போதெல்லாம் ஒக்டோபர் முதலாம் திகதி மாதா றோஸ்மலரின் வீட்டிலிருந்துதான் புறப்படுகிறா.