வெதர்லியின் கரந்த மதில்

கோடைத் தொடக்கத்து முற்பகல் வெயில் இளஞ்சூட்டோடு இறங்க, இங்கிலாந்தின் யார்க்சயர்க் குன்றுகளிடையே நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்து, பன்னீராண்டு உழைப்பால் மீண்டெழுந்த வெதர்லி மாளிகை, தேன்நிறக் கற்சுவர்களும் நெடிய சாளரங்களும் துலங்க நின்றது. அதன் வாயிலினின்று விரிந்த பசும்புல்வெளி ஏரிக்கரை ஓக் மரங்கள்வரை இடையறாது ஓடியது. ஆடுகளும் வீட்டுப் பிள்ளைகள்போல் அதிலே உலவின. நல்லறிவுடையீர், மனிதக் கை படாத அழகென்று அதனை எண்ணி ஏமாந்துவிடாதீர்.

ரோவீனா டன்ஸ்டல் என்னும் கல்தச்சி இருபது திங்கள் மழையிலும் பனியிலும் குனிந்து நின்று, அவ்வெளியின் குறுக்கே இடிந்து கிடந்த பழைய கரந்த மதிலை எடுத்துக் கட்டியிருந்தாள். மாளிகைப் பக்கத்து நிலம் மட்டமாய் வந்து, ஆளுயரச் சுவராய்ச் செங்குத்தாக இறங்கும்; எதிர்ப்பக்கமோ பள்ளம் சரிவாய் ஏறி மேய்ச்சல் நிலத்தோடு கலக்கும். ஆடு தாண்டாது, மாளிகையினின்று காண்போருக்கு மதிலும் தெரியாது.

புல்வெளியில் தேநீர் விருந்தோடு மாளிகை திறந்த அந்நாளில் அவள் தன் தமையன் கிளெமென்டை அழைத்து வந்திருந்தாள். தந்தை விட்டுச்சென்ற கட்டடத் தொழிலை நடத்தும் அவன், நகரிலே செங்கற்சுவர் எழுப்பியே பழகியவன். தொழிலின் பெயர்ப்பலகையில் தங்கை பெயரும் ஏற வேண்டுமாயின் அவள் வேலையைக் கண்ணால் கண்டாக வேண்டுமென்று கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தான்.

"எங்கடி உன் மதிலு? இருபது மாசமா டீ குடிச்சுட்டு இருந்தியா?"

"நல்லாப் பாருண்ணே."

"பாத்துட்டேன். புல்லு, ஆடு, தொப்பி போட்ட நாலு கெழவிங்க. வேலி போடாம ஆட்ட விட்டுருக்கானுங்க, மடப்பசங்க! அந்தக் கெடா நேரா டீ மேசைக்குத்தான் வருது பாரு!"

கிடாவை விரட்டத் தொப்பியை வீசிக்கொண்டு விரைந்தவன், விளிம்பிலே ஒரு கால் வெளியில் தொங்க, "யம்மாடி!" என்று தடுமாறி நின்றான். பின்னர்ப் படியிறங்கிப் பள்ளத்தில் மண்டியிட்டான். சுண்ணச்சாந்தே இன்றி அடுக்கிய கற்களின் இடுக்கிலே பேனாக்கத்தியைச் செருகிப் பார்த்தான்; நுனிகூட நுழையவில்லை. மதிலின் ஒரு கோடி தொடங்கி மறுகோடிவரை தடவிக்கொண்டே நடந்தான். ரோவீனா மேலே விளிம்போடு அவன்கூடவே நடந்தாள்.

அவ்வேளை அவளருகே வந்த முதிய மாது ஒருத்தி, தன் கணவனிடம், "பாருங்களேன், இங்க யாரும் ஒரு கல்லகூட வைக்கல, அப்படியே விட்டுருக்காங்க. அதான் இவ்வளவு அழகு!" என்றாள்.

பள்ளத்திலிருந்து கிளெமென்டின் சிவந்த முகம் எழுந்தது.

"இந்தாம்மா! வைக்காம என்ன? மொத்தமும் கட்டினது! என் தங்கச்சி கட்டினது! இறங்கி வந்து பாருங்க, எல்லாரும் வாங்க!"

தேநீரை விட்டுவிட்டு மக்கள் விளிம்புக்கு ஓடி வந்தனர். அவன் அவர்களை ஒவ்வொருவராய்க் கைபிடித்து இறக்கி, ஒவ்வொரு கல்லாய்த் தொட்டுக்காட்டினான். பலகையைப் பற்றி ஒரு சொல்லும் பேசினானில்லை, அவளும் கேட்டாளில்லை. தன் வேலையைப் பிறர் காணாதவாறு செய்வதே தன் கடனென்று இருபது திங்கள் உழைத்தவள், அதனை ஊரெல்லாம் காணக் கண்டு, வெட்கமின்றி அழுதாள்.