தலைவெட்டி பங்களாவின் நாற்காலி

திருத்தணி ரயிலடிப் பக்கம் இருக்கும் அந்தக் கட்டடத்துக்கு ஊர் வைத்த பேர் தலைவெட்டி பங்களா. மாதம் ஒருநாள் டாக்டர், வக்கீல், ரைஸ்மில் முதலாளி என்று பத்துப் பேர் கோட்டு மாட்டிக்கொண்டு வருவார்கள். கதவைச் சாத்திக்கொள்வார்கள். உள்ளே நடப்பதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். ஃப்ரீமேசன் சங்கமாம், எல்லாரும் சகோதரர்களாம். பொம்பளைக்கு மட்டும் இடம் கிடையாதாம்.

மற்ற நாளெல்லாம் சாவி மோனிஷாவின் அப்பா சின்னசாமியிடம்தான். பதினெட்டு வருஷமாகக் கூட்டித் துடைக்கிறார்.

அம்மையார்குப்பத்தில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறி இரைச்சல். குடும்பத்தின் முதல் பட்டதாரியான மோனிஷாவுக்கு குரூப் டூ பரீட்சை வர நாற்பதே நாள். ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை.

"நைனா, பங்களா சும்மாதானே கெடக்குது? பகல்ல நான் அங்க படிச்சிக்கிறேனே."

"பேசாத. உள்ள கத்தி இருக்குது, மண்டையோடு இருக்குது. நுழைஞ்சா தலை இருக்காது."

"நீ மட்டும் டெய்லி தலையோடதானே வந்துகினு இருக்கற?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அப்படி என்னதான் இருக்கிறது என்ற அரிப்பு அவளை விடவில்லை. புத்தகப் பையோடு அடுத்த பஸ்ஸில் ஏறினாள். பங்களாவுக்கு எதிரில் பூக்கட்டும் தாயம்மாள் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி, அங்கயா போற? போன வருசம் ஒரு ஆட்ட உள்ள ஓட்டிகினு போனாங்க. திரும்பி வரல."

"பிரியாணி போட்டிருப்பாங்கக்கா."

எவன் வரப்போகிறான் என்ற தைரியத்தில் அப்பா முன்கதவைப் பூட்டாமல் வெறுமனே சாத்தியிருந்தார். உள்கதவு இடுக்கில் கண்ணை வைத்தாள். சுவரில் துருப்பிடித்த கத்தி ஒன்று தொங்கியது, அவ்வளவுதான்; மண்டையோடு எதையும் காணோம். சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையுமாகத் தரை. கோடியில் மூன்று படி உயரத்தில் சிங்கக்கால் வைத்த நாற்காலி. அதில் சின்னசாமி. கால்மேல் கால். கையில் மரச்சுத்தி.

டொக்கென்று தட்டினார். "டாக்டர் நிக்கட்டும்," என்றார் காலி பெஞ்சுகளைப் பார்த்து. "வக்கீலு, நீயும் எழுந்திரு. எவ்ளோ நேரம் குந்திகினே இருப்ப?"

மோனிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஆத்திரமும். பதினெட்டு வருஷத்தில் அந்தச் சகோதரர்களில் ஒருத்தனுக்கும் இவரை உட்காரச் சொல்ல வாய் வந்ததில்லை.

கதவைத் தள்ளினாள். அவர் துள்ளி எழுந்ததில் சுத்தி படியில் உருண்டது.

"தலைவெட்டிக் கதைய ஊர்ல விட்டது நீதானா?"

"பாதிதான்," என்றார். "யாராச்சும் எட்டிப் பார்த்துட்டா வேலை போயிடும்மா."

"அப்ப நான் எங்க குந்தறது?"

அவர் சுத்தியை எடுத்து நாற்காலிமேல் வைத்தார். பிறகு ஜன்னலோரப் பெஞ்சைத் துண்டால் தட்டினார். "கூட்டத்தன்னிக்கி வரக்கூடாது. நாற்காலி விஷயம் வெளிய போகக்கூடாது."

"போகாது நைனா. தெனம் காலையில பத்து நிமிசம் நான் வெளியவே நிக்கறேன். நீ வக்கீலக் கவனி."

சாயங்காலம் தாயம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னா இருந்துச்சு உள்ள?"

மோனிஷா பையை மார்போடு அணைத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"மண்டையோடு ஒண்ணுன்னுதானே எல்லாரும் சொல்லிகினு இருந்தாங்க? மூணு இருக்குதுக்கா."