யார் வீட்டு முறை

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ் நின்றிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மங்கம்மாள் அக்கா ஓடுவதை நிறுத்தி, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். "கீதுடி, நம்ம பஸ்ஸு கீது" என்றாள். வாணியம்பாடியிலிருந்து வந்த வண்டி எங்களை இறக்கிவிட்டபோது பஸ் எடுக்கிற ஒன்பதரை ஆக இன்னும் நேரம் இருந்தது. இருந்தாலும் நாங்கள் நாலு பேரும் ஓடித்தான் வந்தோம். கடைசி பஸ்ஸுக்கு நடந்து போய் எங்களுக்குப் பழக்கமில்லை. குப்பம்மாள் கையில் ஒரு பெரிய டெல்லி அப்பளம் பேப்பரில் சுற்றி இருந்தது. பேரனுக்காக வேலூரிலிருந்து நொறுங்காமல் கொண்டு வருகிறாளாம். ஓடிய ஓட்டத்தில் அது எப்போதோ தூளாகியிருந்தது, அவளுக்குத்தான் தெரியவில்லை.

பஸ்ஸுக்குள் விளக்கு எரியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. வடிவு முதல் ஆளாக ஏறி முன் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டாள். அவள் பிள்ளைக்கு எட்டு மாதம். மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். பகலில் கஞ்சி குடித்துச் சமாளித்துக்கொள்வான், ராத்திரி அவள் பால் இல்லாமல் கண்ணை மூடமாட்டான். திரும்பி வருகிற வழியிலேயே அவள் ரவிக்கை நனைய ஆரம்பித்துவிட்டது. "இதோ, இன்னும் கொஞ்ச நேரத்துல வூட்டுல இருப்ப, கவலப்படாத" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தது நான்தான்.

இந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஈச்சங்கொல்லை காவலூரைத் தாண்டி மலைக்குள் இருக்கிறது. ராத்திரி ஆலங்காயத்தில் கிளம்பி எங்கள் ஊருக்கு வந்து நின்று, டிரைவரும் கண்டக்டரும் அதிலேயே படுத்து எழுந்து, விடியற்காலையில் கீழே இறங்குகிற நைட் ஹால்ட் பஸ் இது. ஊரில் ஒரு டீக்கடைகூடக் கிடையாது. மேலே வந்தால் பட்டினி என்பதால், ஆரம்பத்தில் வருகிறவர்கள் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக் கீழேயே நின்றுவிடுவார்கள். கடைசியில் மங்கம்மாள் அக்காதான், "சோறுதான, நம்மளே போட்டுடலாம்" என்றாள். அன்றிலிருந்து பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நாலு வீடும் முறை வைத்துச் சோறு போடுகின்றன. வீடு என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. ஆக்குவதும் தூக்கிக்கொண்டு போவதும் நாங்கள் நாலு பேர். பெண்களுக்கு அந்த பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, இலவசம். ஊர் ஆம்பளைகளுக்கு அதில் ஒரு வயிற்றெரிச்சல். 'ஓசியில போறவளுங்க' என்று எங்கள் காதுபடவே சொல்வார்கள். அந்த பஸ்ஸை மலை ஏற்றுவதே எங்கள் சோறுதான். அதற்கு எவனும் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுத்ததில்லை.

கிளம்புவதற்கு முன்னால் கண்டக்டர் முறைக்காரி நம்பருக்கு போன் போடுவார். "அக்கா, சோறு உண்டா?" என்பார். உண்டு என்றால் பஸ் ஏறும். அன்றைக்கு என் வீட்டு முறை. அதற்காக வேலூர் போவதைத் தள்ளிப் போட முடியவில்லை, பொருட்காட்சிக்கு அதுதான் கடைசி ஞாயிறு. விடியற்காலையில் எழுந்து, ராத்திரி வரைக்கும் கெடாமல் இருக்கட்டும் என்று புளிச்சோறு கிளறினேன். துவையல் அரைத்தேன். முட்டை அவித்தேன். எல்லாவற்றையும் கேரியரில் அடுக்கி மூடி, என் போனையும் பக்கத்தில் வைத்து, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கண்டக்டரு போன் பண்ணா உண்டுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. பஸ்ஸு வந்ததும் இத்த கொண்டும்போயி குடுத்துடுங்க. வேற ஒண்ணும் பண்ண வாணாம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவருக்குக் குணசீலன் என்று பெயர் வைத்தது என் மாமனார். நல்ல மனுஷர், பிள்ளை எப்படி வரும் என்று தெரியாமல் வைத்துவிட்டார்.

வேலூரில் என்ன கண்டோம் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. புளியில் கொட்டை எடுத்த கூலியைச் சேர்த்து வைத்திருந்தோம். வளையல் வாங்கினோம், மிளகாய் பஜ்ஜி தின்றோம், இருட்டத் தொடங்கி விளக்குப் போட்டதும் ராட்டினத்தில் ஏறினோம். அதற்கு முன்னால் நாங்கள் நாலு பேரும் மலையை விட்டு இறங்கியதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் சாவுக்கும் கல்யாணத்துக்கும்தான். ராட்டினம் உச்சிக்குப் போனபோது மங்கம்மாள் அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, செத்துப்போன தன் புருஷனைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். ஏன் அவரைத் திட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வடிவு சிரித்துச் சிரித்து அழுதேவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவள் புருஷன் திருப்பூரில் இருக்கிறான், பொங்கலுக்கு வருவான். இறங்கியதும் இன்னொரு தடவை ஏறலாம் என்றாள். பஸ் போய்விடும் என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த பஸ்ஸில்தான் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். கண்டக்டர் பழனி, பரோட்டா கடையிலிருந்து பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆள் மாறும். காலையில் எங்களை இறக்கிவிட்டவர் வேறு ஒருவர், அதனால் நாங்கள் கீழே போனது பழனிக்குத் தெரியாது. எங்களைப் பார்த்துத் திகைத்துப் போய் நின்றார்.

"இன்னாக்கா, நீங்க எங்க இங்க?"

"வேலூரு போய்ட்டு வர்றோம். எப்ப எடுக்கப் போறீங்க?" என்றேன்.

"ட்ரிப் இல்லியேக்கா. மேல சோறு இல்லன்னு சொல்லிட்டாங்க. இங்கியே ஹால்ட்டு."

"யாரு சொன்னது?"

"உங்க நம்பர்லதான்க்கா. ஒரு ஆம்பள எடுத்தாரு. சோறு உண்டான்னு கேட்டேன். வூட்ல பொம்பள இல்லன்னாரு, வெச்சிட்டாரு."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பழனியின் மேல் கோபப்பட வழியில்லை. இப்போதாவது எடுக்கக்கூடாதா என்று மங்கம்மாள் அக்கா கெஞ்சினாள். கீழேயே ஹால்ட் என்று டெப்போவுக்குச் சொல்லியாகிவிட்டது, டிரைவர் கால் வலிக்கு மாத்திரை போட்டுப் படுத்துவிட்டார், அதைப் போட்டுக்கொண்டு அந்த வளைவுகளில் ஸ்டியரிங் பிடித்தால் எல்லாரும் பள்ளத்தில் கிடக்க வேண்டியதுதான் என்றார். பின் சீட்டில் நீட்டிப் படுத்திருந்தது டிரைவர் என்று அப்போதுதான் பார்த்தேன். பழனி ஒரு தடவை வடிவைப் பார்த்தார், பிறகு அவள் பக்கம் பார்க்காமலே பேசினார். "நீங்க வர்றீங்கன்னு ஒரு வார்த்த தெரிஞ்சிருந்தா பட்டினியா இருந்தாலும் வந்திருப்போம்க்கா" என்றார்.

மங்கம்மாள் அக்காவின் போனை வாங்கிக்கொண்டு கீழே இறங்கி என் நம்பருக்குப் போட்டேன். நிறைய நேரம் அடித்த பிறகு எடுத்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா, எங்க கீற?"

"ஆலங்காயத்துல. பஸ்ஸு மேல வரல."

"ஆமா. நானும் பாத்தேன், வரல."

"கேரியர்ல சோறு கீதுன்னு ஏன் சொல்லல?"

"சோறு உண்டான்னு கேட்டான். பொம்பள இல்லன்னு உள்ளத சொன்னேன். இதுல இன்னா தப்பு?"

"அத்தனையும் ஆக்கி வெச்சிட்டுத்தான வந்தேன்?"

"அத்த தூக்கிக்குனு போயி நான் பஸ்ஸாண்ட நிக்கணுமா? வர்றவன் போறவன்லாம் இன்னா பேசுவான்?"

வாயில் வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டேன். கேட்க வேண்டியது வேறு ஒன்று இருந்தது. "வடிவு புள்ள பால் இல்லாம தூங்காதுங்க" என்றேன்.

"தூங்கலதான். கத்தினே கீது. இங்க வரைக்கும் கேக்குது."

"அப்ப வண்டி எடுத்தாந்து அவள மட்டுமாவது இட்டுக்குனு போங்க."

"கரடி சுத்துற வழியில இந்நேரத்துல எவன் வருவான்? அதுவுமில்லாம அடுத்தவன் பொண்டாட்டிய ராத்திரில வண்டியில ஒக்கார வெச்சிக்குனு வந்தா ஊரு சும்மா இருக்குமா? அங்கியே எங்கனா படுத்துக்குனு காலைல வாங்க. பத்திரமா இருங்க." வைத்துவிட்டார்.

பத்திரமாக இருக்கச் சொன்னாரே, அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஸ்டாண்டில் ஒரே ஒரு ஆட்டோ நின்றது. ஆட்டோக்காரன் நாங்கள் மலை என்று சொன்னதும், எங்கள் நாலு பேர் கையிலும் மிச்சம் இருந்ததைப் போல மூன்று பங்கு கேட்டான். தனியாகத் திரும்பி வர வேண்டுமே என்றான், அது நியாயம்தான். கொஞ்ச நேரத்தில் தக்காளி இறக்கிவிட்டு வந்த லோடு வண்டி ஒன்று வந்து பக்கத்தில் நின்றது. உள்ளே இரண்டு பேர். "மேலதான் போறோம், காசெல்லாம் வாணாம், சும்மா வாங்க" என்றான் ஓட்டுகிறவன். சாராய நாற்றம் ஜன்னலைத் தாண்டி வந்தது. வடிவு ஒரு காலைத் தூக்கி ஏறப் பார்த்தாள். பிள்ளை நினைப்பில் அவளுக்கு எந்த வண்டியானாலும் சரி என்று ஆகிவிட்டது. மங்கம்மாள் அக்கா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வண்டிக்காரன் சிரித்துவிட்டு, "ஊரு சுத்தத் தெரியுது, வூட்டுக்கு வர பயமா?" என்று சொல்லிப் போனான்.

ஆக, எங்கள் கைக்கு எட்டியது வேலூர் வரைக்கும்தான். போவதற்கு வழி இருந்தது. திரும்பி வர ஓர் ஆம்பளை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

பஸ்ஸுக்கே வந்து உட்கார்ந்தோம். பழனி டிரைவரை எழுப்பி, இரண்டு பேரும் போர்வையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனார்கள். போகும்போது உள் விளக்கைப் போட்டுவிட்டு, கதவை இழுத்து மூடினார். "வாசல்லதான் படுத்துக்குனு கீறோம். யார்னா வந்தா கூப்புடுங்க" என்றார். குப்பம்மாள் பேப்பரைப் பிரித்து அப்பளத் தூளைப் பார்த்துவிட்டு, எங்கள் கையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினாள். தின்றோம். நமத்துப் போயிருந்தது.

நடுராத்திரியில் வடிவு என் தோளைத் தொட்டு எழுப்பினாள். மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு, நெற்றி சுட்டது. சத்தம் போடாமல் இறங்கி பஸ்ஸுக்குப் பின்பக்கம் போனோம். நான் புடவைத் தலைப்பை விரித்து மறைத்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அவள் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பீய்ச்சினாள். பால் மண்ணில் விழுகிற சத்தம் கேட்டது. ஒரு நாய் வந்து மோந்து பார்த்தது, காலால் தள்ளிவிட்டேன்.

"போன் பண்ணியேக்கா, புள்ள அழுவுதான்னு கேட்டியா?" என்றாள்.

"கேட்டேன். அப்பவே தூங்கிட்டானாம்" என்றேன்.

நம்பினாளா என்று தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

விடிவதற்கு முன்னால் பஸ்ஸை எடுத்தார்கள். வளைவுகளில் ஏறும்போது குளிர்காற்று முகத்தில் அடித்தது. காவலூர் வானாராய்ச்சி நிலையத்துத் தொலைநோக்கியின் வெள்ளை உருண்டைக் கூரை மரங்களுக்கு மேலே தெரிந்தது, ராத்திரியெல்லாம் வானத்தைப் பார்த்தவர்கள் இந்நேரம் தூங்கப் போயிருப்பார்கள். வேலூரில் வாங்கிய வளையல்களை மங்கம்மாள் அக்கா கழற்றிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள்.

ஊர் வந்தபோது கீழே வேலைக்குப் போகிறவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். பஸ் நிற்பதற்குள்ளேயே வடிவு குதித்து இறங்கி, செருப்பு ஒன்று கழன்று கிடப்பதையும் பார்க்காமல் வீட்டைப் பார்த்து ஓடினாள். பிள்ளையின் அழுகை கேட்கவில்லை. பிறகு, தொண்டை கட்டிப்போன ஒரு கமறல் கேட்டது. அது நிற்கவும் செய்தது. அதற்குப் பிறகுதான் நான் சீட்டை விட்டு எழுந்தேன்.

"வந்துட்டாங்கப்பா, ஊரு சுத்தனவங்க" என்றார் பஸ்ஸுக்கு நின்றிருந்த முனிசாமி. "உங்களால நேத்து பஸ்ஸே வரல. எங்க பையன் காவலூர்லேந்து நடந்து வந்தான்."

இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள். என் வீட்டுக்காரரும் அவர்களோடு நின்றுகொண்டிருந்தார். கட்டட வேலைக்குப் போக, குளித்து, தலை சீவி, சட்டை மாற்றியிருந்தார். கூட்டத்திலிருந்து வந்து என் போனை நீட்டினார். ராத்திரி எங்கே படுத்தீர்கள், எப்படி இருந்தீர்கள் என்று கேட்பார் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன், என் புத்தி அப்படி.

"சோறு வீணாப் போவக்கூடாதேன்னு நானே துன்னுட்டேன்" என்றார். "முட்டைய பசங்களுக்குக் குடுத்தேன். புளிச்சோறு நல்லா இருந்துது. கேரியர் அப்படியே கீது, வெளக்கி வெச்சிடு."

ஆம்பளைகள் ஒருவர் பின் ஒருவராக ஏறி உட்கார்ந்தார்கள். பழனி படியில் நின்றபடி பையிலிருந்து டிக்கெட் மிஷினை எடுத்தார். என்னைப் பார்த்துத் தயங்கிக் கேட்டார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. ராத்திரிக்கு வர்ற கண்டக்டர்கிட்ட சொல்லணும். இன்னிக்கு யார் வூட்டு மொறை?"

முறைப்படி மங்கம்மாள் அக்கா வீடு. அவள் குனிந்து வடிவின் ஒற்றைச் செருப்பை எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். குப்பம்மாள் என்னைப் பார்த்தாள். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்தார்கள். ராத்திரி அவர்கள் எல்லாரும் இதே பஸ்ஸில்தான் திரும்ப வேண்டும்.

"இவரு வூடு" என்றேன். என் வீட்டுக்காரரைக் கையால் காட்டினேன். "நேத்து மொறை இன்னும் முடியல. இவரு நம்பர எழுதிக்குங்க."

பழனி டிக்கெட் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். படியில் ஒரு கால் வைத்திருந்த என் வீட்டுக்காரர் அந்தக் காலை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு, நான் காட்டியது தனக்குப் பின்னால் நிற்கிற வேறு யாரையோ என்பதுபோல, மெல்லத் திரும்பிப் பார்த்தார்.