ஏரியைப் பார்த்துச் சொன்ன பதில்

மார்ச் 12, புதன்.

இன்று ஒரு தப்பு செய்துவிட்டேன். அடுத்த வருடமும் இதே வீட்டில் இருப்போம் என்று, அக்காவைக் கேட்காமல் வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

மாலை வகுப்பு ரத்தானதால் வெளிச்சம் இருக்கும்போதே ரயில் ஏறினேன். வேலை நாட்களில் இருட்டில் கிளம்பி இருட்டில்தான் திரும்புவேன். அதனால் ஞாயிறு தவிர, வீட்டை ஒட்டிய ஏரியைப் பார்த்தது இன்றுதான். தண்ணீரின் வெளிச்சம் எங்கள் சமையலறைச் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. மாடிப்படியைப் பெருக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மா, "என்னம்மா, அடுத்த வருஷமும் இருப்பீங்கதானே?" என்றார். "இருப்போம்மா" என்றேன்.

அக்கா டவுன் மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள். டவுனுக்குள்ளேயே வீடு பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். வேலை முடிந்து வந்தவளிடம் விஷயத்தைச் சொன்னதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"ஏரியைப் பாத்தே, சரி. என் காலைப் பாத்தியாடி?"

"உனக்கும் ஏரி பிடிக்கும்னு நினைச்சேன்க்கா."

"பிடிக்கும். அதுக்காக அது மேல உக்காந்துக்கிட்டா வேலைக்குப் போக முடியும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. கணுக்கால் வீங்கியிருந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

வகுப்பு முடிந்து நான் வரும் ரயில் காலியாக இருக்கும். காலை நீட்டிக்கொண்டு பாடம் படிப்பேன். அவள் தினமும் வருவது போன்ற கூட்ட ரயிலில் இன்று நானும் நின்றுதான் வந்தேன். அப்படியும் எனக்கு உறைக்கவில்லை. இது மறதியா, சுயநலமா என்று தெரியவில்லை.

நாளை காலை ரயிலுக்குக் கிளம்புமுன் மாடிக்குப் போய், அக்காவைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், இன்னும் முடிவு செய்யவில்லை என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்ல வேண்டும்.