சுருக்காத பாட்டு

சதுரங்கப்பட்டினத்தில் கடற்காற்று உலோகத்தைத் தின்னும். அதனால் பரணிதரன் ஞாயிறுதோறும் தன் ஸ்டீரியோவின் இணைப்புப் பின்களைக் கழற்றிப் பஞ்சால் துடைத்து மாட்டுவார். அணு ஆராய்ச்சி நிலையத்தில் அளவுமானிகளைச் சரிபார்க்கும் வேலை. வீட்டிலும் அதே குணம். வேலை முடிந்து வந்தால் அவருக்கு ஸ்டீரியோவைத் தவிர வேறு துணையும் கிடையாது.

மனைவி பிரதீபா வங்கி மாற்றலில் கோயம்புத்தூர் போய் மூன்று வருடமாகிவிட்டது. திரும்பி வருவதா, இன்னும் மூன்று வருடம் அங்கேயே இருப்பதா என்று வெள்ளிக்கிழமைக்குள் அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். வா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

புதன்கிழமை அவள் ஒரு பாட்டுப் பாடி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். உடன் தங்கியிருக்கும் சிநேகாவின் ரெக்கார்டரில் பதிந்ததாம். அரைமனதாகக் கேட்டுவிட்டு, "இது சுருக்கினது. ஒரிஜினல் ஃபைலை அனுப்பு" என்று பதில் போட்டார்.

காரணம் இருக்கிறது. சுருக்கும்போது, பெரிய சத்தத்தின் நிழலில் நிற்கும் சின்னச் சத்தங்களைக் காது எங்கே கவனிக்கப்போகிறது என்று உதறிவிடுவார்கள். ஒரிஜினலில், ஒலியை விநாடிக்குத் தொண்ணூற்றாறாயிரம் தடவை அளந்த எண்கள் அப்படியே இருக்கும். ஆனால் கம்ப்யூட்டரையும் நம்ப முடியாது. மின்னஞ்சல் மணியும் பாட்டும் ஒரே குழாயில் போக வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் கலந்து, விநாடிக்கு இத்தனை என்ற ஒரே கணக்குக்கு மாற்றிவிடும். அந்தக் குழாயைப் பாட்டுக்கு மட்டும் ஒதுக்க ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டு வைத்தார்.

வியாழன் மாலைதான் ஃபைல் வந்து சேர்ந்தது. எண்களை மின் அலையாக்கும் சிறு பெட்டியில் '96' என்று ஒளிர்ந்தது; தொண்ணூற்றாறாயிரமும் மாறாமல் வந்திருக்கிறது. கண்ணை மூடிக் கேட்டார். மின்விசிறியின் தட்டல், பக்கத்து வீட்டுக் குக்கர், தரையில் பட்ட வளையல், எல்லாம் துல்லியம்!

பாட்டு முடிந்தது. வாட்ஸ்அப்பில் வந்தது அத்தோடு நின்றிருந்தது. இது ஓடிக்கொண்டே இருந்தது.

"அவருக்கு அனுப்பட்டுமாக்கா?" என்றது சிநேகாவின் குரல்.

"அனுப்பு. பாட்டையா கேக்கப்போறாரு? சத்தத்தத்தான் கேப்பாரு." பிரதீபா சிரித்தாள். பிறகு மெதுவாக, "ஒருவாட்டி வான்னு கூப்ட்டா போதும்டி. பொட்டி கட்டிடுவேன்."

பரணிதரன் உடனே போன் போட்டார்.

"பிரதீபா, வூட்டுக்கு வந்துடு."

"இன்னாங்க திடீர்னு?"

"ஃபைல் முழுசும் கேட்டேன்."

"ஐயோ! கடைசிய வெட்டாமயே அனுப்பிட்டாளா?"

"நான்தானே வெட்டாதத கேட்டேன்."

"இங்கயே இருக்கேன்னு காலைலயே ஃபாரம் குடுத்துட்டேங்க. நேத்து பாட்ட அனுப்பிட்டு போனையே பாத்துகினு இருந்தேன். சுருக்கினதுன்னு சொன்னீங்க, அதோட சரி."

"திருப்பி வாங்க முடியாதா?"

"அது மேலிடத்துக்குப் போயாச்சு. சரி, பாட்டு எப்படி இருந்துச்சு? அதையாவது சொல்லுங்க."

மின்விசிறி சுற்றுக்கு ஒரு முறை தட்டியதைச் சொல்லலாம். வளையல் எந்தப் பக்கம் பட்டது என்று சொல்லலாம். அவள் எந்த இடத்தில் குழைந்தாள், எங்கே மூச்சு வாங்கினாள் என்று மனசுக்குள் தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"இன்னொரு தடவ கேட்டுட்டுச் சொல்றேன்," என்றார்.

"கேளுங்க. அவசரமே இல்ல," என்றாள் பிரதீபா. "மூணு வருஷம் கீது."