பெட்டியில் குறைந்த மீன்

தல்காவானோ துறைமுகத்து மீன் கொட்டகையில் நெலிடா மெர்லூசா மீனின் வயிற்றைக் கீறி, குடலை வழித்துச் சன்னல் வழியே கடலில் எறிந்துகொண்டிருந்தாள். வெளியே படகுகளை இழுத்தேற்றும் சரிவு மேடையில் கிடந்த ஆண் கடல்சிங்கங்கள் தண்ணீரில் விழுந்து அதைக் கவ்வின. தின்று முடித்ததும் உறுமிக்கொண்டே மேலேறி, ஒன்றையொன்று இடித்துத் தள்ளிவிட்டுப் படுத்தன.

"பொண்டாட்டி புள்ளைங்கள எங்கயோ பாறையில விட்டுட்டு, இங்க வந்து தின்னுட்டுத் தூங்குறானுங்க," என்றாள் பக்கத்தில் நின்ற ஒட்டிலியா. "என் வீட்டுக்காரன் தோத்தான்!"

பெண்கள் சிரித்தார்கள். நெலிடாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சில நாட்களாகப் பின்கதவை ஒட்டி அடுக்கிய பெட்டிகளில் மீன் குறைகிறது. ஆள் யாரென்று தெரியும்வரை யாருக்கும் நிரந்தர வேலை கிடையாது என்று மேஸ்திரி ருபிலார் சொல்லிவிட்டார். ஒட்டிலியா சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதவுப் பக்கம்தான் சிகரெட் பிடிக்கப் போவாள். திரும்பும்போது கையைத் துடைத்துக்கொண்டே வருவாள். எதற்குத் துடைக்கிறாள்?

அன்று மத்தியானம் மேஸ்திரி நெலிடாவைக் கூப்பிட்டார்.

"ஒட்டிலியா பக்கத்துலதான நிக்கிற? எதாவது கண்ணுல பட்டுச்சா?"

"எடுத்தத நான் பாக்கல மேஸ்திரி. ஆனா பின்கதவுப் பக்கம் அடிக்கடி போவா. அவ தங்கச்சி தெருவுல மீன் வறுத்து விக்கிறா."

அது போதுமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் வேலை போய், ஒட்டிலியா ஏப்ரனைக் கழற்றினாள்.

"நீயா சொன்ன?"

"பாத்ததத்தான் சொன்னேன்க்கா."

"என்னத்தடி பாத்த?"

நெலிடா கத்தியைத் தீட்டுவதுபோல் குனிந்துகொண்டாள்.

அடுத்த வாரமும் மீன் குறைந்தது. இப்போது பெண்கள் நெலிடா வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். பொறுக்கமாட்டாமல், சாப்பாட்டு நேரத்தில் அவளே பின்கதவருகே போய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வெளியே ஈரமான எதுவோ சரிவில் இழுபட்டு ஏறும் சத்தம் கேட்டது. கதவின் அடிப்பலகை உள்பக்கம் மடங்கியது. மீசை மயிர்களில் நீர் சொட்ட, தவிட்டு நிறப் பிடரியோடு ஒரு பெரிய தலை நுழைந்தது. பெட்டியை முகர்ந்தது. ஒரு மெர்லூசாவைக் கவ்விக்கொண்டு, அவசரமில்லாமல் பின்வாங்கியது.

அவள் ஓடிப்போய் மேஸ்திரியைக் கூட்டிவந்தாள். அவர் உளுத்த பலகையைக் காலால் தள்ளிப் பார்த்தார்.

"இத மேல சொன்னா, கதவ ஏன் சரி பண்ணலன்னு என்னையத்தான் கேப்பாங்க."

"அப்ப ஒட்டிலியாக்கா?"

"அவளப் பத்திச் சொன்னது யாரு? நானா?" அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மிருகம் ஒண்ணு தின்னா, அவ ஒண்ணு எடுத்திருக்க மாட்டாளா? யாரு கண்டா? பெட்டிங்கள அந்தச் செவுத்தோரமா நகர்த்து. வாய மூடிக்கிட்டு இருந்தீன்னா திங்கக்கிழமையிலிருந்து உனக்கு நிரந்தரம்."

நெலிடா பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்து நகர்த்தினாள்.

சனிக்கிழமை ஒட்டிலியா தன் ரப்பர் பூட்ஸை எடுத்துப்போக வந்தாள். வாசலில் காவலாளி மறித்து, பையை மேசைமேல் கொட்டச் சொன்னான். இரண்டு வெங்காயம், ஒரு ரொட்டி, பேருந்துச் சீட்டு. நெலிடா நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த மீனின் வயிற்றைக் கீறினாள்.

"பூட்ஸக் கவுத்து ஒதறு," என்றான் காவலாளி.

ஒட்டிலியா உதறினாள். கொஞ்சம் மணல் கொட்டியது.

"இன்னொண்ணையும்," என்றான்.